வாய் வழியே மீளும் உயிர்

1971 ஜூன் மாதக் கடைசி. கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவத்தின் வேட்டைக்குத் தப்பிய மக்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது. மழை பிடித்துக்கொண்டது. முகாம்களில் குடிக்கும் தண்ணீரும் கழிவும் ஒன்றாகின. காலரா பரவியது.

எல்லையோரச் சிறு நகரமான போங்காவில் இருந்த மருத்துவமனைக்கு, கல்கத்தாவிலிருந்து திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் வந்து சேர்ந்தார். வயது 36. லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திய ஆய்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். மருத்துவமனையின் இரண்டு அறைகளும் நிறைந்து, நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். யாருக்காவது நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமென்றால், வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற முடியும். இரண்டே நாள்களில் தாங்கள் தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் ஒரு சிலர்தான்.

அடுத்து அவர் செய்ததை அன்றைய மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. கல்கத்தா ஆய்வு மையத்தில் குளுக்கோஸையும் சாதா உப்பையும் சமையல் சோடாவையும் அளந்து, பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, சூடு வைத்து ஒட்டச் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா. ஆன செலவு லிட்டருக்கு 11 பைசா. போங்காவில் அதை டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் தமக்கையும் கணவனும் குவளையில் பிடித்துவந்து நோயாளியின் வாயில் ஊற்றினார்கள். பிழைக்க மாட்டார் என்ற நிலையில் வந்தவர்களுக்கு மட்டும் கையிருப்பில் இருந்த சலைன் ஏறியது. மற்ற எல்லோரும் குடித்தார்கள். பேதி நிற்கவில்லை, போகப் போகக் குடித்தார்கள்.

குடிக்கிற தண்ணீர் எப்படி மருந்தாகும் என்று நோயாளிகளுக்கும் சந்தேகம், உதவிக்கு வந்தவர்களுக்கும் சந்தேகம். நரம்பில் ஏறுவதைத்தான் ஜனங்கள் சலைன் என்று அறிந்திருந்தார்கள். மகலனாபிஸ் தன் கரைசலுக்கு ‘வாய்வழி சலைன்’ என்று பெயர் சொன்னார். அந்தப் பெயருக்காகவே பலர் நம்பிக் குடித்தார்கள்.

இந்தச் சந்தேகத்தைத்தான் இந்தக் கட்டுரை நெடுகத் தொடரப் போகிறேன். 50 ஆண்டுகள் கடந்தும் அது நம் வீடுகளில் இருக்கிறது. வாந்தியும் பேதியுமாகத் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் ஊர்த் தகப்பன் டாக்டரிடம் கேட்கும் முதல் வார்த்தை, “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார்” என்பதுதான்.

உடம்பிலிருந்து என்ன போகிறது?

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் 42 லிட்டர் போலத் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே. மீதி, செல்களைச் சுற்றியும் ரத்தத்திலும். ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும் எடுத்தால் சுமார் 3 லிட்டர்தான். பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்.

இந்தத் தண்ணீர் அதனதன் இடத்தில் நிற்பதற்குக் காரணம் உப்பு. செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம். உப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும். ஆகவே வயிற்றுப்போக்கில் ஒருவர் இழப்பது வெறும் தண்ணீரை என்று நினைத்தால் அங்கேயே சிகிச்சை பிசகிவிடுகிறது. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்கும் பைகார்பனேட் எல்லாம் சேர்ந்தே போகின்றன. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால், உடலில் மிஞ்சியிருக்கும் சோடியமும் நீர்த்துப்போய் மூளை வீங்குகிறது, வலிப்பு வருகிறது. 

நம் குடலுக்குள் ஒரு நாளில் வந்து சேரும் திரவம் எட்டு, ஒன்பது லிட்டர் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். குடிப்பது அதில் இரண்டு லிட்டர் போலத்தான். மீதி எல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுவரே சுரப்பது. அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. உறிஞ்சுவது கொஞ்சம் குறைந்து, சுரப்பது கொஞ்சம் கூடினால் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். காலராவில் நடப்பது அதன் உச்சம். அந்தக் கிருமியின் நஞ்சு குடல் சுவரின் செல்களைப் பிடித்துக் குளோரைடை வெளியே தள்ள வைக்கிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் கொட்டுகின்றன. கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும்; மலத்தின் நிறமே இருக்காது.

கிருமி சுரக்கும் நஞ்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்பதை முயலின் குடலில் சோதித்துக் காட்டியவர் கல்கத்தா மருத்துவர் சம்பு நாத் தே. 1959-ல் ‘நேச்சர்’ இதழில் அந்த முடிவு வெளியானது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் அதே கல்கத்தாவில் கண்டறிந்து அப்போது 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோக்கின் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. தே பெயரும் இருக்க வேண்டும்.

எடையில் 5 சதவீதத்துக்குள் நீர் குறையும்வரை உடல் சமாளித்துவிடும். வாய் உலரும், தாகம் எடுக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். 5 முதல் 10 சதவீதம் போனால் கண்கள் உள்ளே போகும். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரைக் கண்டால் பாய்ந்து குடிக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் சுண்டி, நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகும். சிறுநீர் நிற்கும். குழந்தை அழுவதையே நிறுத்திவிடும். குடிக்கவும் தெம்பிருக்காது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 10 சதவீதம் என்பது ஒரே ஒரு லிட்டர். காலையில் விளையாடிய பிள்ளை சாயங்காலம் கண் செருகிக் கிடப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

லீத் நகரத்துக் கிழவி

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் திரும்பும் என்பது புதிய அறிவு இல்லை. 1831-ல் இங்கிலாந்தில் காலரா நுழைந்தபோது, வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதாக எழுதினார். (இவர்தான் பிறகு கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை நட்டவர்.) அதைப் படித்த தாமஸ் லட்டா, 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் சாகும் தறுவாயில் இருந்த ஒரு கிழவியின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். குழிவிழுந்த கண்களில் ஒளி வந்தது, குளிர்ந்த கைகால்கள் சூடேறின, நாடி திரும்பியது. லட்டா களைத்துப்போய்ப் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுச் சென்றார். பேதி மறுபடி தொடங்கியது. உப்புநீரை யாரும் மறுபடி செலுத்தவில்லை. சில மணி நேரத்தில் கிழவி இறந்தாள்.

போவது நிற்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. உலகத்துக்குப் புரியவில்லை. அடுத்த ஆண்டே லட்டா இறந்தார். காலரா நோயாளிகளின் ரத்தத்தை வடித்துவிடும் வைத்தியம் அதன் பிறகும் நடந்துகொண்டிருந்தது. உள்ள நீரும் வற்றிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்து ரத்தத்தையும் எடுத்தார்கள் என்பதை வாசிக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

நரம்பு வழி சலைன் 20-ம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அது நகரத்துப் பெரிய மருத்துவமனைகளின் சிகிச்சை. கிருமி நீக்கிய திரவம், கண்ணாடி பாட்டில், ஊசி, ஏற்றத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். காலரா வருவதோ இவை எதுவும் இல்லாத ஊர்களில். வாய் வழியே கொடுத்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துப் பார்த்து 1953-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் முயன்றபோது அளவு பிசகியது. சில நோயாளிகள் இறந்தார்கள். அந்த அடியில் ஆய்வுலகம் பல ஆண்டுகள் தயங்கி நின்றது.

முடிச்சை அவிழ்த்தது காலராவோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வு. 1960-ல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில், குடல் சுவர் சர்க்கரையை எப்படி உள்ளே எடுக்கிறது என்று ராபர்ட் கிரேன் விளக்கினார். குளுக்கோஸ் தனியாக நுழைவதில்லை. சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் கதவு அது. காலரா நஞ்சு குடலில் எதை எதையோ கெடுத்தாலும் இந்தக் கதவைத் தொடுவதில்லை. உப்பை மட்டும் கொடுத்தால் உள்ளே போகாது. சர்க்கரையை மட்டும் கொட்டினால் அது குடலுக்குள்ளேயே தங்கி, உடம்பிலிருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால், பேதி போய்க்கொண்டிருக்கும்போதே குடல் நீரை உறிஞ்சும்.

டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் இருந்த டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இருபதுகளின் வயதில் இருந்த இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1968-ல் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட விதி எளிமையானது: வெளியே போவதை அளந்து, அதே அளவு உள்ளே கொடு. நரம்பு வழி சலைன் தேவை 80 சதவீதம் குறைந்தது. ஆனாலும் அது ஆய்வுக்கூடத்து மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. படிப்பறிவில்லாத உறவினர்கள் கையில் குவளையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. போங்காவ் அதற்கு விடை சொன்னது.

அங்கே வாய்வழிக் கரைசலை நம்பி நடந்த சிகிச்சையில் 3,700-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். இறந்தவர்கள் 3.6 சதவீதம். மற்ற முகாம்களில் காலரா கண்டவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த நேரம் அது. முகாமை நேரில் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் தீமன் பருவா, அதன் பிறகு இந்த முறையை உலகெங்கும் கொண்டுசெல்லும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மகலனாபிஸின் அறிக்கை 1973-ல் அச்சானது. 1978-ல் ‘லான்செட்’ தன் தலையங்கத்தில், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் 87 வயதில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். உயிரோடு இருக்கும்போதே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டிய விருது.

ஒரு சிட்டிகை, ஒரு பிடி

போர் முடிந்து பிறந்த வங்கதேசம் ஏழை நாடு. பொட்டலம் தயாரித்து எல்லா வீடுகளுக்கும் கொடுக்க வழியில்லை. ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் வேறு வழி பார்த்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதை ஒவ்வொரு வீட்டுத் தாய்க்கும் நேரில் சொல்லிக் கொடுப்பது என்று 1980-ல் கிளம்பினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு எத்தனை வீடு ஏறினாள் என்று பார்த்துச் சம்பளம் இல்லை. சில வாரம் கழித்து இன்னொருவர் அதே வீட்டுக்குப் போவார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். கரைத்துக் காட்டச் சொல்வார். அதில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். தாய் சரியாகச் செய்தால்தான் சொல்லிக் கொடுத்தவளுக்கு முழுச் சம்பளம். அப்படியும் ஆரம்பத்தில் தாய்மார்களுக்குக் கரைக்கத் தெரிந்ததே தவிர, பிள்ளைக்கு வந்தபோது கொடுக்கவில்லை. ஏன் என்று தேடியபோது, சொல்லிக் கொடுக்கப் போன பெண்களுக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அவர்களை டாக்காவுக்கு அழைத்துவந்து, சாகக் கிடந்தவர்கள் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். அதன் பிறகே நிலைமை மாறியது. 10 ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். பேதி கண்ட குழந்தைக்குக் கரைசல் கொடுக்கும் பழக்கம் உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் இன்று வங்கதேசமும் ஒன்று.

பாட்டில் மோகம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கெடுப்புப்படி, வயிற்றுப்போக்கு கண்ட இந்தியக் குழந்தைகளில் 60.6 சதவீதம் பேருக்கே, ஓ.ஆர்.எஸ். என்று இன்று நாம் அழைக்கும் இந்த வாய்வழிக் கரைசல் கிடைத்திருக்கிறது. பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு இல்லை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவும், மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்கும் கிடைக்கிற ஒரு பொட்டலத்தின் நிலை இது. உலகம் முழுக்க 5 வயதுக்குட்பட்ட 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டாக்டர்களுக்குத் தெரியாதா? தெரியும். 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் தோண்டியது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட மருத்துவம் பார்ப்பவர்களிடம் நடந்த ஆய்வு அது. ஓ.ஆர்.எஸ். எழுதித் தராததற்கு முக்கியக் காரணம், கையிருப்பு இல்லாததோ லாபம் குறைவதோ அல்ல என்று தெரிந்தது. நோயாளி இதை விரும்ப மாட்டார், இதை மருந்தாகவே மதிக்க மாட்டார் என்று டாக்டர் நினைத்துக்கொள்கிறார். எழுதித் தரத் தவறியதில் 42 சதவீதத்துக்கு இந்த நினைப்பே காரணம். இன்னதுதான் வேண்டும் என்று வீட்டாரே வாய்திறந்து ஓ.ஆர்.எஸ். கேட்டபோது, எழுதித் தருவது கூடியது.

நாம் வாய்திறந்து கேட்பது எதை? டிரிப்ஸை. “தெம்பே இல்ல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்கிறோம். தெருமுனை கிளினிக்கில் ஏற்றப்படும் சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. கிடைக்கும் சக்தி 100 கலோரி. அதில் உப்பு ஒரு துளியும் கிடையாது. பேதியில் உப்பை இழந்து கிடப்பவருக்கு அந்த பாட்டில் தனியாகச் செய்யும் நன்மை மிகக் குறைவு. டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பவுடருக்கும் இதே கதைதான்.

டிரிப்ஸ் உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு; அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். குழந்தை குடிக்கவே முடியாமல் துவண்டிருந்தால், எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபின் மடிப்பு மறைய இரண்டு நொடிக்கு மேல் ஆனால், வாந்தி எதையும் தங்கவிடாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே ஏற்றுவது வேறு வகை. உப்புகள் சேர்ந்த திரவத்தை எடைக்குத் தக்க கணக்கில் ஏற்றுவார்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தும் பழக்கங்களும் நம்மிடம் இருக்கின்றன. பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கிவிட்டால் ‘உரம் விழுந்துவிட்டது’ என்று உரம் எடுக்கத் தூக்கிப்போகிறார்கள். வாந்திபேதி என்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோகிறார்கள். உச்சிக்குழி உள்வாங்குவது, உடலில் நீர் வற்றியதைக் குழந்தையின் தலையே காட்டும் அடையாளம். அதை முதலில் கண்டுபிடிப்பவள் அநேகமாகப் பாட்டிதான். அவள் கவனம் பொன்னானது. அந்த நொடியில் அவள் கைக்கு ஒரு டம்ளர் கரைசல் எட்ட வேண்டும். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், பாலை நிறுத்து என்பதும் அபாயமான சொல். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

மாறாக, நம் அடுப்படியின் சில பழக்கங்கள் அறிவியலோடு கைகோத்து நிற்கின்றன. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதில் முதன்மை. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸாவதால், அதே சோடியக் கதவு திறக்கிறது. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல்கள் காலரா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கின்றன. உப்பிட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே கடும் பேதிக்கு இளநீரை மட்டும் நம்பக் கூடாது.

எப்படிக் கொடுப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் உப்பு 2.9 கிராம். போங்காவ் காலத்தைவிடச் சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டிருக்கின்றன. அப்படிக் குறைத்தால் வாந்தியும் பேதியும் குறைகின்றன என்று தெரிந்து 2002-ல் மாற்றினார்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கிள்ளிப் போடுவது பிலிப்பைன்ஸில் நடந்த தவறை வீட்டில் செய்வதாகும். 24 மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொடுக்கக் கூடாது.

குழந்தை குடித்ததைக் கக்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் முயற்சி அத்தோடு நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டால் 100 முதல் 200 மில்லி. கண் குழிந்து தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. 10 கிலோ பிள்ளை என்றால் முக்கால் லிட்டர். மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஸ்பூனால் ஊட்டுவது எளிதான காரியமில்லை. அதைச் செய்கிற தாய்க்குச் சமையல் வேலையிலிருந்து அன்றைக்கு விடுதலை கொடுப்பது வீட்டிலுள்ள மற்றவர் கடமை. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்ற பிறகும் நிறுத்தக் கூடாது. பேதியின் கடுமையைக் குறைப்பதோடு, அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வராமலும் காக்கும்.

கடையில் ஏமாறவும் வழியிருந்தது. அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பழச்சாறு பானங்கள், ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைகளிலேயே விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை உரிய அளவைப் போலப் பல மடங்கு. பேதியை அது கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார், நீதிமன்றம் ஏறினார். எச்சரிக்கை வாசகத்தோடு பெயரைப் பயன்படுத்தலாம் என்று 2022-ல் கொடுத்திருந்த அனுமதியை, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் திரும்பப் பெற்றது. ஒரு தனி மருத்துவரின் விடாப்பிடி எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதுமையில் தாக உணர்வே மங்கிவிடும். “தாகம் எடுக்கலப்பா” என்று அப்பா சொல்வது உண்மைதான். உடம்பு வற்றியிருப்பதும் உண்மை. திடீரென்று பேச்சு குழறினாலோ, எழுந்தவுடன் தலைசுற்றினாலோ சந்தேகப்பட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பேதி வந்தால் அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் ஓ.ஆர்.எஸ்.ஸைக் கோடைப் பானமாகத் தினமும் குடிக்கக் கூடாது.

உப்பளத்தில் உப்பிழப்பவர்கள்

பேதி ஒரு வாசல் என்றால், வியர்வை இன்னொன்று. கத்திரி வெயிலில் கடுமையாக உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கலாம். அதிலும் சோடியம் போகிறது. வெயிலுக்குப் பழகாத உடம்பின் வியர்வையில் உப்பு இன்னும் அதிகம்; பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். வடமாநிலத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாளே சித்தாளாகச் செங்கல் சுமப்பவருக்கு முதல் சில நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அந்த நாள்களில் அரை வேலை, அடிக்கடி நிழல் என்பதை மேஸ்திரிகள் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்திகளில் உப்பு வாருபவர்கள், மேலே வெயில், கீழே உப்பின் வெண்மை திருப்பியடிக்கும் வெயில் என இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளங்களில் ஆய்வு செய்தபோது, பெரும்பாலான தொழிலாளர்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. நாள்தோறும் வற்றி, நாள்தோறும் பாதி நிரம்பும் உடம்பில் முதலில் அடிபடுவது சிறுநீரகம். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இளைஞர்கள் சிறுநீரகம் இழந்து இறப்பதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அங்கும் வெப்பமும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன.

உப்பளப் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்கு அறியாமை காரணமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம்கூட மறைப்பு இல்லாத வெட்டவெளியில் கழிப்பறை கிடையாது. குடித்தால் போக வேண்டிவரும், போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. துணிக்கடையில் நிற்கும் பெண்ணும், சாலைச் சந்திப்பில் நிற்கும் பெண் காவலரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். இவர்களிடம் போய் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று கோடைக்கால அறிவுரை சொல்வதில் எனக்குக் கோபம் வருகிறது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. கோடையில் மக்கள் கூடும் இடங்களில் ஓ.ஆர்.எஸ். வைப்பதும் நல்ல முடிவு. ஆனால் நிவாரணம் இறந்த பிறகு வருவது; ஓ.ஆர்.எஸ். குவளையோ கழிப்பறை இல்லாத பெண்ணின் கையில் குடிக்கப்படாமலே இருந்துவிடும். உப்பளங்களையும் கட்டுமான இடங்களையும் ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள், பதிவேட்டைத் திறப்பதற்கு முன் அங்கே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த வேலையிடத்தை அன்றே நிறுத்தும் அதிகாரத்தை அரசு அவர்களுக்குக் கொடுக்கட்டும்.